உருவகமும் நிலுவைக் கணக்கும்

1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள், வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய பேருரையை நடுநிலைப்பள்ளி மாணாக்கர்க்குக் கற்பிப்போர் பலர், அவருடைய கனவோடு நின்றுவிடுகின்றனர். முற்பகுதியில் வரும் காசோலை உருவகமே முதலில் ஆராயத்தக்கது.

நாட்டை நிறுவியோர் எல்லார்க்கும் உரிமை உண்டெனக் கடனுறுதிச் சீட்டு எழுதித் தந்தனர். கறுப்பின மக்களுக்குக் கிடைத்ததோ பணமில்லையெனத் திரும்பிய காசோலை. அதனை மாற்றவே வந்துள்ளோம் என்கிறார் கிங்.

‘இஃது உருவகம்’ என்று எழுதிய மாணவனுக்கு முழு மதிப்பெண் அளித்தல் போதுமா? கடன்பட்டவர் யார்? பெறவேண்டியவர் யார்? எத்தனை காலமாய் நிலுவை? இவ்வாறு வினவினால், அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்த 1863 முதல் நூறாண்டுக் கணக்கு விரியும். இரந்து கேட்பவன் வேறு, கொடுத்த கடனைக் கேட்பவன் வேறு என்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்குமன்றோ? கிங் சலுகை வேண்டவில்லை, நிலுவையைக் கேட்டார்.

அரபு அணியிலக்கணத்தார் உருவகத்தை ‘இஸ்திஆரா’ என்பர். இரவல் பெறுதல் என்பது அதன் பொருள். வங்கியின் சொல்லை அவர் இரவல் பெற்றது எதற்காக என்று கேட்கப் பழக்காத பாடம், அணியின் பெயரைக் கற்பிக்கும். நீதியின் குரலை மறைத்துவிடும்.