டேப்லெட்டுக்குள் ஒரு பழைய ஏடு

1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் மறைந்த சுப்பிரமணிய சிவா நடத்திய ‘ஞானபாநு’ போன்ற பழைய ஏடுகள் பக்கம் கலையாமல் டேப்லெட்டில் விரிவதற்கு, எழுத்துருவையும் பக்கப் படத்தையும் கோப்புக்குள்ளேயே சுமந்து செல்லுமாறு அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட பிடிஎஃப் என்னும் வடிவமே ஏற்றது. எழுத்துரு மாறியதால் தமிழ்க் கோப்புகள் குறியீட்டுக் குவியலாய்த் தெரிந்த காலத்தை அறிந்தோர் இதன் அருமையை நன்குணர்வர். இணையச் சேமிப்பகத்திலுள்ள கோப்பையும் கருவியிலுள்ள படியையும் ஒன்றுபோல வைத்திருக்கும் ஒத்திசைவு, வாசகர் ஓரத்தில் எழுதிய குறிப்பையும் அடுத்த கருவிக்குக் கொண்டுசேர்ப்பது தனி அழகு என்றாலும், இணையம் அறுந்த வேளையிலும் திறக்கும்படி ஒரு படியைக் கருவியிலேயே இறக்கி வைப்பது மேல். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தபின் பதிப்புரிமை நிலைப்பதில்லையாதலால், சிவாவின் எழுத்துகளை எவரும் எவருக்கும் தடையின்றி அனுப்பலாம்.