பாலத்தடியில் ஒரு நாவல்

மறைந்த அமெரிக்க நாவலாசிரியர் ரஸ்ஸல் பாங்க்ஸ் 2011-ல் வெளியிட்ட 'லாஸ்ட் மெமரி ஆஃப் ஸ்கின்', பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்து வெளிவந்தோரை எங்கே குடியமர்த்துவது என்னும் கேள்வியிலிருந்து பிறந்தது. மியாமியில் நடந்ததே அதற்கு ஆதாரம். பள்ளி முதலியவற்றிலிருந்து 2,500 அடிக்குள் இவர்கள் வசிக்கலாகாது என்று விதி செய்தார்கள். மிஞ்சியது கடற்பாலத்தின் அடிப்புறம். 2010 வரை அங்கே குடிசைகள் இருந்தன. காலில் பூட்டிய கண்காணிப்புக் கருவிக்கு மின்சாரம் தேடும் அவலத்தை ஆசிரியர் நன்றாகவே தீட்டியிருக்கிறார்.

இலங்கையில் இத்தகைய விதி இல்லை. ஆயினும் மன்னார்த் தீவின் படத்தில் அந்த அடிக்கோலை வைத்துப் பார்ப்போம். பள்ளிக்கூடம், பாலர் பாடசாலை, மறைவகுப்பு நடக்கும் கோவில் வளவு, மதரஸா என்று கழித்துக்கொண்டே போனால் நகரில் எஞ்சுவது என்ன? நமக்கும் தாம்போதிதான்!

ஆனால் ஆசிரியரோடு நமக்கொரு பிணக்குண்டு. அவருடைய கதாநாயகன் எந்தச் சிறுமியையும் தீண்டியவன் அல்லன். இணையத்தில் பேசிய பதினான்கு வயதுப் பெண்ணைக் காணப் போய்ப் பிடிபட்டவன். இரக்கப்படுவதற்கு எளிதான குற்றவாளியையே அவர் பொறுக்கி எடுத்துக்கொண்டார். பிள்ளைகளைக் கெடுப்பவன் பெரும்பாலும் வீட்டாருக்குத் தெரிந்தவன், உறவினன், அயலான். அவனுக்கு 2,500 அடி எம்மாத்திரம்? அவன் கையில் அகப்பட்ட பிள்ளை எந்த வீட்டில், யாருடைய கண்காணிப்பில் வாழ்கிறாள் என்பதற்கும் பாங்க்ஸ் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கலாம்.