செக்கிங் டேபிளில் ஜிம்மி எல்லிஸ்

பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நடுராத்திரி டீ இடைவேளையில் எதைப் பற்றியும் சண்டை போடலாம். ‘சார்பட்டா பரம்பரை’ வந்த 2021-லிருந்து எங்கள் யூனிட்டில் அந்த இடத்தைக் குத்துச்சண்டை பிடித்துக்கொண்டது. எழுபதுகளின் ஹெவிவெயிட் சண்டைகளை செல்போனில் தேடித்தேடிப் பார்க்கிற ஒரு கூட்டமே உண்டு. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“ஏனுங்ணா, அலியவே தோக்கடிச்ச ஃப்ரேசியரு, ஃபோர்மேன் முன்னாடி ரெண்டு ரவுண்டு தாங்கலீங்களே. அப்ப ஃபோர்மேன்தானுங்ளே பெரிய ஆளு?”

“அந்த ஃபோர்மேனையே அலி படுக்க வெச்சுட்டாரே தம்பி. அதுக்கென்ன சொல்ற?”

“ஜிம்மி யங்குகூட ஃபோர்மேனை ஜெயிச்சிருக்காருங்ணா.”

“அது யார்றா?”

அங்கே பேச்சு நின்றுவிடும். இந்தக் கட்டுரை அந்த “அது யார்றா?” பற்றியது.

பட்டத்தின் வாசல்வரை வந்து நிற்கிற ஆட்களைக் கன்டெண்டர் என்பார்கள். எழுபதுகள் ஹெவிவெயிட்டின் பொற்காலம் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். ஆனால் பொற்காலம் என்றதும் அலி, ஃப்ரேசியர், ஃபோர்மேன் என மூன்று பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்கப்புறம் ‘அவன் இவனை ஜெயிச்சான், இவன் அவனை ஜெயிச்சான்’ என்று கூட்டல் கழித்தல் ஆரம்பமாகிறது.

அந்தக் கணக்கை ஒருமுறை ஒழுங்காகப் போட்டுப் பார்க்கலாம். 1971-ல் ஃப்ரேசியர் அலியை வென்றார். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஃபோர்மேன் அதே ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை கீழே தள்ளினார். அதே வருஷம் மார்ச்சில் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். 1974 மார்ச்சில் அந்த நார்ட்டனும் ஃபோர்மேனிடம் இரண்டு ரவுண்டில் முடிந்துபோனார். அக்டோபரில் கின்ஷாசாவில் ஃபோர்மேனை அலி வீழ்த்தினார். 1977-ல் ஜிம்மி யங்கும் ஃபோர்மேனை வென்றார். அந்த யங்கை நார்ட்டன் வென்றார். வட்டம் சுற்றி வந்துவிட்டது. பெரியவர் யார்? இந்தக் கணக்கில் விடை வராது. யாருடைய ஆட்டம் யாருடைய ஆட்டத்தைக் குழப்புகிறது என்பதுதான் கேள்வி. நெருங்கி வந்து அடிக்கிறவரை ஃபோர்மேன் நொறுக்கிவிடுவார். நழுவி நழுவி, காத்திருந்து அடிக்கிறவரிடம் அவருக்கு மூச்சு வாங்கும். இதைப் பார்க்க கன்டெண்டர்களின் சண்டைகளைப் பார்த்தாக வேண்டும். பட்டத்தின் பட்டியலில் இது கிடைக்காது.

யங்கின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1976 ஏப்ரலில் எடை கூடிப்போய் வந்த அலியை 15 ரவுண்டும் திணறடித்தார். நடுவர்கள் அலிக்குக் கொடுத்தார்கள். அந்தத் தீர்ப்பைப் பற்றி இன்றும் சண்டை நடக்கிறது. யங் மீதும் குறை உண்டு. நெருக்கடி வரும்போதெல்லாம் கயிற்றுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டார். ஒரு சாம்பியன் அப்படிச் செய்வாரா என்று நடுவர்களுக்குத் தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை. மறுவருஷம் சான் ஹுவானில் கடைசி ரவுண்டில் ஃபோர்மேனைக் கீழே தள்ளி ஜெயித்தார். அந்தத் தோல்வியோடு ஃபோர்மேன் பத்து வருஷம் குத்துச்சண்டையை விட்டுப் போதகர் ஆனார். அதே 1977 நவம்பரில் நார்ட்டனிடம் யங் தோற்றது இரண்டுக்கு ஒன்று என்ற தீர்ப்பில். ஒரே ஒரு நடுவர் மாற்றிப் போட்டிருந்தால் கதை வேறு. அந்த வெற்றியைக் காட்டித்தான் 1978-ல் டபிள்யூபிசி பட்டத்தை நார்ட்டனுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். நார்ட்டன் பெயர் பட்டியலில் ஏறியது. யங் “அது யார்றா?” ஆகிவிட்டார்.

எங்கள் ஊர் செக்கிங் டேபிளில் இதைத் தினமும் பார்க்கிறோம். அதே நூல், அதே துணி, அதே டெய்லர். ஓர் ஊசி ஓட்டையோ ஆயில் கறையோ இருந்தால் பீஸ் ‘செகண்ட்ஸ்’ கூடைக்குப் போய்விடும். அப்புறம் காதர்பேட்டையில் குவியலில் கிடக்கும். செக்கிங் வேலைக்கு அந்த அவசரம் நியாயம், ஷிப்மென்ட் போயாக வேண்டும். விமர்சனத்துக்கு என்ன அவசரம்?

“அப்ப பட்டத்துக்கு மதிப்பே இல்லையா?” என்று ஒருவர் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அலி ஏன் பெரியவர் என்று கேட்டால் என்ன சொல்வோம்? இத்தனை பேரைச் சமாளித்தார் என்றுதானே? 1977-ல் எர்னி ஷேவர்ஸின் அடியை 15 ரவுண்டு வாங்கிக்கொண்டு நின்றது பெரிய விஷயம் என்றால், ஷேவர்ஸ் பெரிய ஆள் என்பதால்தான். கன்டெண்டர்களைச் சாதாரண ஆட்கள் என்று ஒதுக்கினால் அலியின் உயரமும் கூடவே இறங்கும். சாம்பியனின் ரசிகன்தான் கன்டெண்டருக்காக முதலில் வாதாட வேண்டும்.

‘சார்பட்டா’வின் ரசிகர்கள் இதை ஒருமுறை செய்து காட்டினார்கள். எழுபதுகளின் வடசென்னையைக் காட்டும் அந்தப் படத்தில் டான்சிங் ரோஸ் கபிலனிடம் தோற்றுப்போகிற ஆள். திரைக்கதை அவரை ஒரே சண்டையில் முடித்துவிடுகிறது. பார்த்தவர்கள் முடிக்கவில்லை. ஷபீர் கல்லரக்கல்லின் அந்தக் கால்களைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். பா.ரஞ்சித்தின் படத்தில் எனக்குள்ள குறை இங்கேதான். தோற்பவனின் அழகை இவ்வளவு நுட்பமாகக் காட்டத் தெரிந்த படம், பிற்பாதியில் நாயகன் விழுந்து எழுந்து ஜெயிக்கிற பழக்கமான தடத்துக்குப் போய்விடுகிறது. தோற்ற மறுநாள் ரோஸ் என்ன செய்தார்? அந்தக் கேள்வியைப் படம் கேட்டிருக்கலாம்.

அந்த மறுநாளை நிஜமாகவே வாழ்ந்த ஒருவர் நம் சென்னைக்கே வந்திருக்கிறார். 1980-ன் தொடக்கத்தில் நேரு ஸ்டேடியத்தில் அலி ஒரு காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆரோடு அலி நிற்கிற போட்டோ பலருக்கும் ஞாபகம் இருக்கும். அன்று வளையத்துக்குள் அலிக்கு எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். அலியின் லூயிவில் ஊர்க்காரர், சிறுவயது நண்பர், பயிற்சியில் அவரிடம் அடி வாங்குகிற துணை. அமெச்சூராக இருவரும் மோதி ஆளுக்கொரு முறை ஜெயித்தவர்கள். ராணுவத்துக்குப் போக மறுத்த அலியிடமிருந்து 1967-ல் பட்டத்தைப் பிடுங்கியபோது, அதற்காக நடந்த டபிள்யூபிஏ போட்டியில் மூன்று பேரை வரிசையாக வென்று 1968-ல் சாம்பியன் ஆனவர் இந்த எல்லிஸ். மிடில்வெயிட்டாக ஆரம்பித்தவர். 1970-ல் ஃப்ரேசியரிடம் பட்டத்தை இழந்தார், 1971-ல் அலியிடம் பன்னிரண்டாவது ரவுண்டில் தோற்றார். அவருடைய ரெக்கார்டு 40 வெற்றி, 12 தோல்வி, ஒரு டிரா. சென்னை அவரை அலியோடு வந்த ஆளாகப் பார்த்தது. இன்னும் அப்படித்தான் பார்க்கிறோம்.

ரெக்கார்டில் ஏறாத கணக்கு ஒன்றும் உண்டு. எல்லிஸ் கடைசிக் காலத்தில் நினைவிழந்து 2014-ல் இறந்தார். 1968-ல் எல்லிஸிடம் பட்டத்தைத் தவறவிட்ட ஜெரி குவாரி, அடி வாங்கிய மூளையோடு 53 வயதில், 1999-ல் போய்ச் சேர்ந்தார். பீஸ் ரேட் நோட்டில் எத்தனை டஜன் என்று மட்டும்தான் எழுதுவார்கள். தைத்தவரின் முதுகு அதில் ஏறாது.

அதனால் டீக்கடை விவாதத்தை நிறுத்தச் சொல்லவில்லை. தாராளமாக நடக்கட்டும். “யார் ஜெயிச்சா?” என்பதோடு “எதிரே நின்றது யார், அன்றைக்கு எப்படி நின்றார்?” என்றும் கேட்கலாம். நேற்று ராத்திரி “அது யார்றா?” என்று கேட்ட அண்ணனுக்கு யங்–ஃபோர்மேன் சண்டையின் கடைசி ரவுண்டை போனில் போட்டுக் காட்டினேன். முழுசாகப் பார்த்தார். “இன்னொருக்கா போடு தம்பி” என்றார்.