விட்டதும் வைத்ததும்: மலிவு விலை ரிசீவரின் அழகு

தொலைக்காட்சி, ப்ளூ-ரே கருவி, செட்-டாப் பாக்ஸ் ஆகியவற்றிலிருந்து வரும் ஒலியை வாங்கி, சுருக்கிக் கட்டப்பட்ட அதன் குறியீட்டை விரித்து, தனித்தனித் தடங்களாகப் பிரித்து, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் இயக்கும் அளவுக்குப் பெருக்கித் தரும் பெட்டிக்கு ஏ.வி. ரிசீவர் என்று பெயர். விலையுயர்ந்த ரிசீவரில் வடிவமைப்பாளர் எதையும் விட வேண்டிய தேவை இல்லை. குறைந்த விலையில் செய்பவரோ எதைக் கைவிடுவது, எதை எப்பாடுபட்டும் காப்பது என்று ஒவ்வொரு பாகத்திலும் முடிவெடுத்தாக வேண்டியிருப்பதால், ரசிப்பதற்கு உரிய கைவண்ணம் உண்மையில் அங்கேதான் மிகுதி.

வாங்குபவரின் கண்ணை முதலில் இழுப்பது வாட் கணக்கு, ஏமாற்றுவதும் அதுவே. யமஹாவின் ஆர்எக்ஸ்-வி385 என்னும் தொடக்க நிலை ரிசீவருக்குத் தடம் ஒன்றுக்கு 70 வாட் என்று குறிக்கப்படுகிறது என்றால், 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை ஒருசேர, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.09 விழுக்காட்டுத் திரிபுக்குள் இயக்கும்போது கிடைக்கும் அளவு அது. திரிபு என்பது மூல ஒலியில் இல்லாத, பெருக்கி தானாகச் சேர்த்துவிடும் கலப்பு. இத்தகைய கருவி ஒன்றையே 6 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் இணைத்து, 1,000 ஹெர்ட்ஸ் என்ற ஒற்றைச் சுருதியில், திரிபைப் பத்து விழுக்காடு வரை அனுமதித்து அளந்தால் எண் வெகுவாக ஏறிவிடும். கருவி மாறுவதில்லை, அளவுகோல்தான் தளர்கிறது. மலிவான ஒலிக்கருவிகளின் அட்டைப்பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் அச்சாகும் பி.எம்.பி.ஓ. வாட்டுக்கோ பொதுவாக ஏற்கப்பட்ட அளவீட்டு முறை என்று ஒன்றுமே கிடையாது. மேலும், திறன் இரட்டித்தாலும் ஓசை 3 டெசிபல்தான் உயரும் என்பதால், 70 வாட்டுக்கும் 90 வாட்டுக்கும் இடையில் காது அறியும் வேறுபாடு ஏறத்தாழ ஒரே ஒரு டெசிபல்; அந்த 20 வாட்டுக்காகப் பணத்தைக் கூட்டுவதைவிட, 1 வாட்டில் 1 மீட்டர் தொலைவில் 85 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் பதிலாக 90 டெசிபல் தருவதைத் தேர்ந்தால், அதே ஓசைக்கு மூன்றில் ஒரு பங்குத் திறனே போதுமானதாகிவிடும்.

தடங்களின் எண்ணிக்கையும் இப்படிப்பட்டதே. 5.1 என்பதில் முன்புறம் மூன்றும் பக்கவாட்டில் இரண்டுமாக ஐந்து முழுத் தடங்களும், அடியொலிக்கென்று தனியே ஒதுக்கிய ஒரு தடமும் அடங்கும், 7.1 பின்புறத்தில் இன்னும் இரண்டைச் சேர்க்கிறது. அட்மாஸ் முறை தலைக்கு மேலேயும் ஒலியை நிறுத்துகிறது. ஆனால் எல்லாத் தடங்களுக்கும் மின்சாரம் ஊட்டுவது பெட்டிக்குள் இருக்கும் ஒரே மின்மாற்றி. அதன் அளவைக் கூட்டாமல் தடங்களை மட்டும் கூட்டினால், வெடிக்காட்சியில் எல்லா ஸ்பீக்கர்களும் ஒரே சமயத்தில் மின்சாரம் கேட்கும்போது ஒவ்வொன்றின் பங்கும் குறைகிறது. சோபா பின்சுவரை ஒட்டியே கிடக்கும் சிறிய கூடத்தில் பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு இடமே இராது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே ஐந்து தடங்களைச் செம்மையாக இயக்கும் ரிசீவரே ஏழு தடங்களைத் தடுமாறி இயக்குவதைவிட மேலானது.

தேர்ந்த செவி நின்று கேட்பது நடுத் தடத்தை. திரைப்படத்தின் உரையாடல் பெரும்பாலும் அதன் வழியாகவே வருகிறது. அந்த ஸ்பீக்கர் இல்லையென்றால் இடம் வலம் இரண்டும் சேர்ந்து நடுவில் ஒரு மாயக் குரலை எழுப்பும், ஆனால் அக்குரல் நட்டநடுவே அமர்ந்தவருக்கு மட்டுமே திரையிலிருந்து வருவதுபோல் தோன்றும். இதனோடு இணைந்ததுதான் அடியொலிப் பகிர்வு, அதாவது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலியைச் சிறு ஸ்பீக்கர்களிடமிருந்து எடுத்து, அடியொலி ஸ்பீக்கரான சப்வூஃபரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு. வழக்கமான எல்லை 80 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் பிரித்தறியாது. ரிசீவரின் அமைப்புப் பட்டியலில் ஸ்பீக்கரைச் ‘சிறியது’ என்று குறிப்பதைத் தம் ஸ்பீக்கருக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கருதுவோர் உண்டு. அப்படிக் குறித்ததும் பெருக்கியின் சுமை குறைந்து, உரையாடல் கலங்காமல் தெளிவதைக் கேட்ட பிறகு அந்த மனத்தாங்கல் நீடிப்பதில்லை.

ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. ஆகவே ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட 1.7 மீட்டர் அருகில் இருந்தால் அதன் ஒலி 5 மில்லி விநாடி முந்தி வந்து கவனத்தைத் தன் பக்கம் இழுத்துவிடும். யமஹாவின் ஒய்.பி.ஏ.ஓ., ஆங்கியோவின் அக்யு-ஈக்யூ போன்ற அறைச் சீரமைப்பு முறைகள், அமரும் இடத்தில் வைத்த மைக் வழியாகச் சோதனை ஒலிகளைக் கேட்டு, அருகிலுள்ளதைத் தாமதப்படுத்தி, ஓசை அளவுகளைச் சமன்செய்து தருகின்றன. குறைந்த விலையிலும் விடக்கூடாத உறுப்பு இதுவே. சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் எழுப்பும் எதிரொலியை மட்டும் இதனால் பெரிதாக மாற்ற முடியாது. அதற்குக் கனத்த திரைச்சீலையும் தரைவிரிப்பும்தான் மருந்து.

இணைப்புகளைப் பொறுத்தவரை, தொலைக்காட்சியின் ஒலியை எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகவே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏ.ஆர்.சி. வசதி அவசியம், சுருக்கப்படாத ஒலியையும் கடத்தும் இ-ஏ.ஆர்.சி., ஓ.டி.டி. தளங்களை மட்டுமே பார்ப்பவருக்கு அவ்வளவு தேவையில்லை. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ரிசீவர் மலிவாகத் தோன்றினாலும், அந்நாட்டு 120 வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்டதாக இருந்தால் இங்குள்ள 230 வோல்ட்டில் நேரே செருக முடியாது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் தனி மின்மாற்றியின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.

கடையில் சோதிக்கும்போது விற்பனையாளர் பெரும்பாலும் வெடிச்சத்தம் நிறைந்த காட்சியையே ஓடவிடுவார், அதில் எந்தக் கருவியும் சிறப்பாகத்தான் ஒலிக்கும். மழைக்கு நடுவே இருவர் தாழ்ந்த குரலில் பேசும் காட்சி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஓசையை நன்கு குறைத்து வைத்து, சொற்கள் ஒன்றும் விடுபடாமல் மழையும் பக்கங்களில் பரவி நிற்கிறதா என்று பார்ப்பதே ரிசீவரை ரசிக்கத் தெரிந்தவரின் வழி.