ஏழு பங்கு, மூன்று பங்கு, கூடை

பழம் உதிர்வதைத் தவிர அந்தப் பாட்டில் வேறொன்றும் நடப்பதில்லை. முதல் கண்ணியில் பிளம் மரத்தில் ஏழு பங்கு பழம் மிச்சம், அடுத்ததில் மூன்று, கடைசியில் எல்லாம் கூடைக்கு வந்துவிடுகிறது. பேசுகிறவள் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண். நல்ல நாள் பார்த்து வரச் சொல்லித் தொடங்கியவள், வாய் திறந்து கேட்டாலே போதும் என்று முடிக்கிறாள். மூன்று கண்ணிக்கும் சொற்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஓர் எண்ணும் ஒரு கெடுவும் மாறுகின்றன. அதற்குள் ஒரு பெண்ணின் இளமை கழிந்துவிடுகிறது.

இது ஷீ ஜிங் என்னும் சீனத்தின் மிகப் பழைய பாட்டுத்தொகையில் உள்ளது. மொத்தம் 305 பாடல்கள், பெரும்பாலும் அடிக்கு நான்கே எழுத்து. கி.மு. 11 முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்பார்கள். தொகுத்தவர் கன்பூசியஸ் என்பது மரபு. 'பயணி' என்ற பெயரில் எழுதும் ஸ்ரீதரன் மதுசூதனன் சீனத்திலிருந்து நேரடியாகவே சில பாடல்களைத் தமிழாக்கினார். 2012இல் காலச்சுவடு வெளியிட்டது. இந்தத் தொகையை அவர் 'சீனாவின் சங்க இலக்கியம்' என்கிறார். குறுந்தொகை படித்தவர்களுக்கு அது மிகைப் பேச்சாகப் படாது. முதலில் ஒரு பறவை, ஒரு செடி, ஓர் ஆறு, மனிதர் அப்புறம்தான். சீன இலக்கணிகள் இதை ஷிங் என்றார்கள். நாம் உள்ளுறை என்கிறோம்.

ஆனால் நம்மிடம் திணை இருக்கிறது. நெய்தல் என்றதும் இரங்கல் வந்து நிற்கும். சீனப் பாட்டில் அப்படி ஒரு கணக்கு இல்லை. தொகையின் முதல் பாட்டிலேயே ஆற்றுத்திட்டில் நீர்ப்பறவைகள் கூவுகின்றன. அடுத்து ஓர் இளைஞனின் ஏக்கம் வருகிறது. பறவைக்கும் அவனுக்கும் என்ன உறவு என்று பாட்டு சொல்லாது. செறிவில் நம் கவிஞர்களே மேல் என்பேன்; அந்தத் திறந்த வாசல் மட்டும் நமக்குக் கிடைக்காதது.

வாசல் திறந்திருந்ததால் உரைகாரர்கள் உள்ளே புகுந்தார்கள். ஹான் காலத்து மாவ் உரை அந்த ஏக்கத்தை அரசியின் கற்பொழுக்கம் ஆக்கியது. 12ஆம் நூற்றாண்டில் ஜூ ஷி என்ற உரைகாரர்தான் பல பாடல்களைக் காதல் பாட்டென்றே ஒப்புக்கொண்டார்; ஒப்புக்கொண்டு முகமும் சுளித்தார். அகப்பாட்டில் பெயர் சுட்டக் கூடாது என்ற தொல்காப்பிய விதி நம் காதலர்களை இந்த வம்பிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. (நெடுநல்வாடையில் வேலின் மேல் மன்னனைக் காட்டிக்கொடுக்கும் ஒரு வேப்பந்தார் தெரிந்ததற்கே நச்சினார்க்கினியர் அதை அகத்திலிருந்து விலக்கிவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

நம் சங்கப் பழக்கம் ஓர் இடத்தில் காலை வாரும். ஆசிரியப்பா திரும்பிப் பார்க்காமல் ஓடுவது. அதில் ஊறிய கண்ணுக்கு, ஒரே கண்ணி மூன்று முறை வந்தால் சலிப்புத் தட்டும். இதற்கு மருந்து நான் இருக்கும் தேஹு ரோட்டிலேயே கிடைத்தது. இங்கிருந்து ஆட்டோ தூரத்தில் மராத்தி பக்திக் கவி துக்காராமின் தேஹு. வார்க்கரி பக்தர்கள் தாளம் தட்டி அபங்கம் என்னும் பக்திப் பாட்டைப் பாடும்போது பல்லவி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் நடுவில் வந்த அடி அதன் பொருளைச் சற்றே நகர்த்தியிருக்கும். ஷீ ஜிங்கும் பாடப்பட்டதுதான். இசை தொலைந்தது, கண்ணிகள் மிஞ்சின. அபங்கம் கேட்ட காதோடு பிளம் பாட்டுக்குப் போனால், ஏழு மூன்றாகும் இடத்தில் திக்கென்கிறது.

பிழைத்த கதையும் ஒத்துப்போகிறது. துக்காராமின் ஏடுகள் இந்திராயணி ஆற்றில் அமிழ்த்தப்பட்டு 13 நாள் கழித்து மிதந்து வந்தன என்பது இவ்வூர் நம்பிக்கை. பாட்டு ஊர் வாயில் இருந்ததால் பிழைத்தது என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. கி.மு. 213இல் சின் பேரரசர் நூல்களை எரிக்கச் சொன்னபோது ஷீ ஜிங்கும் அந்தப் பட்டியலில் இருந்தது. மனப்பாடமாக வைத்திருந்தவர்களால் அது முழுசாக மீண்டது என்று ஹான் வரலாறு எழுதுகிறது.

305இல் 160 பாடல்கள் பல நாட்டு மக்களின் பாட்டாகத் தொகுக்கப்பட்டவை. சீனம் படித்த தமிழர்கள் அந்த 160ஐயாவது முழுமையாகத் தர வேண்டும். தரும்போது, திரும்ப வரும் கண்ணிகளைச் சுருக்கிவிடாதீர்கள்.