அலாஹோவின் பாய்ச்சல்

2021 மார்ச்சில் இங்கிலாந்தின் செல்ட்டனம் தடைதாண்டும் பந்தய விழாவில் ஆறு பந்தயங்களை வென்றார் ரேச்சல் பிளாக்மோர். சாம்பியன் ஹர்டிலை ஜெயித்த முதல் பெண் ஜாக்கியும் அவரே. ஹனிசக்கிள் என்ற குதிரையில் ஆறரைக் குதிரை நீளத்தில் முந்தினார். ஆனாலும் என் மனம் அவர் ஓட்டிய இன்னொரு குதிரை அலாஹோவிடம்தான் போகிறது.

அதே விழாவின் ரயனேர் சேஸ் பந்தயத்தில் அது முன்னே நின்றே ஓடியது. நாலரை அடி பிர்ச் வேலி நெருங்கும்போது பல குதிரைகள் அடியைச் சுருக்கித் தயங்கும். அலாஹோ தொலைவிலேயே எம்பியது. தரை தொட்டதுமே அடுத்த பாய்ச்சல். ரேச்சல் அதை அதன் போக்கில் விட்டார். அந்த நம்பிக்கைதான் அழகு! தாவத் தாவ இடைவெளி கூடியது. முடிவில் 12 நீளம்.

மறுநாள் தங்கக் கோப்பையில் மினெல்லா இண்டோ என்ற குதிரை, ரேச்சல் ஓட்டிய வேறொரு குதிரையையே முந்தியது, அதுவும் நல்ல ஓட்டம். கொரோனாவால் அந்த விழாவில் பார்வையாளர் இல்லை. அலாஹோவுக்கு ஒரு மைதானமே எழுந்து கைதட்டியிருக்க வேண்டும்.