குறிப்பும் உயிரும்

ஒரு கதைமாந்தராய் நின்று உரையாடி எழுதும் பயிற்சியில், மாணவர் முதற்கண் பெயர், அகவை, ஊர், தொழில் எனக் குறிப்பெழுதுகின்றனர். முறை நன்றே, நம் முன்னோரும் அதனை அறிந்திருந்தனர். சிலப்பதிகார மங்கல வாழ்த்துப் பாடலிலேயே இளங்கோவடிகள், கண்ணகிக்கு அகவை 12, கோவலனுக்கு 16 என்று கூறி, தந்தையரையும் புகாரையும் காட்டிவிடுகின்றார். ஆயினும், கண்ணகியை நாம் அறிவது அக்குறிப்புகளாலன்று. மாதவியைப் பிரிந்து மீண்ட கணவனைக் கடியாது சிலம்பைத் தர முன்வந்தவள், பாண்டியன் அவையில் அச்சிலம்பையே உடைத்து மெய்யை நிறுவுகின்றாள். அவ்விரு செயல்களுக்கும் இடைப்பட்ட தொலைவே பாத்திரம்.

சங்க அகப்பாடல்களிலோ தலைவிக்குப் பெயரே இல்லை. எனினும் யார், யாரிடம், எந்நிலையில் மொழிகின்றார் என்னும் கூற்று முறையால் அவள் உயிர்பெறுகின்றாள்.

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியரையோ கிள்ளான் துறைமுகத் தொழிலாளியையோ படைக்கும் மாணவர், 'கடும் உழைப்பாளி, நல்லவர்' என்று முடித்துவிட்டால் அது பணிப்பதிவேடேயன்றிப் பாத்திரமாகாது. அவர் எதனை இழக்க அஞ்சுகின்றார்? யாரிடம் வாய்திறக்கத் தயங்குகின்றார்? இவ்வினாக்களை ஆசிரியர் எழுப்புதல் வேண்டும். எழுப்பாவிடின், தோட்டப் பதிவேட்டில் வெறும் பெயராய் இருந்த நம் பாட்டன்மார், நம் பிள்ளைகளின் கதைகளிலும் வெறும் பெயராகவே எஞ்சுவர்.